மைக்குக்கு ஒத்துவராத குரல்

எனக்குப் பாட வரும் என்று முப்பத்து நாலு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் யாரும் மறுத்துச் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்து வாத்தியார், கோயில் பாட்டுக்குழுவுக்குத் தலைவர், போதாக்குறைக்கு மூக்கு நுனியில் கோபம். இப்படிப்பட்ட ஆளிடம் வந்து, "சார், உங்களுக்குச் சுதி சேரலை" என்று எவன் சொல்வான்? கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. காரைக்காலில் எங்கள் ஆட்கள் வாயில் அப்படித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று முதல் அடியை நான் எடுத்துக்கொடுப்பேன். மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

என் மனைவியும் அந்தக் குழுவில் இருந்தாள், பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை. பக்கத்துப் போலகம் கிராமத்துப் பெண். மாவாட்டும்போதும் துணி அலசும்போதும் வாய் சும்மா இருக்காது. அவளுக்குப் பாட வரும் என்பது எனக்குத் தெரியும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று தெரிகிற மாதிரி. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். சொல்தா என்று எங்கள் ஊரில் சொல்வோம். தெருவுக்கு இரண்டு சொல்தா வீடு இருந்த காலம் அது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். "நாங்க சுகம், நீங்க சுகமா" என்று ஆரம்பித்து, குழந்தையைக் கிள்ளி அழவைத்து, அதையும் பதிந்து அனுப்புகிற வீடுகள் உண்டு.

அத்தான் எனக்கு ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்திருந்தார், ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. கொடுத்துவிட்டு ஒரு வேலையும் கொடுத்தார்.

"அங்க நம்ம ஊரு ஜனங்க மாசத்துக்கு ஒரு தடவ செபத்துக்குக் கூடுறோம் மாப்ளே. ஆனா பாட ஆளில்ல. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறாங்க, கேக்க சகிக்கல. நீ பத்து மாதா பாட்டு பாடிக் குடு. நான் காப்பி போட்டு வீட்டுக்கு ஒண்ணு குடுத்துடுறேன். நான் கெளம்பறதுக்குள்ள குடுத்துடு."

எனக்குத் தலை கால் புரியவில்லை. என் குரல் கடல் தாண்டிப் போகப்போகிறது! அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் என் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள் என்றெல்லாம் கற்பனை ஓடியது. அன்று சாயங்காலமே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பாடினேன். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு மைக் உண்டு. ஓட்டிக் கேட்டால் மோட்டார் ஓடுகிற சத்தம், மின்விசிறி, பக்கத்து வீட்டு அம்மா யாரையோ வைது தீர்ப்பது எல்லாம் கேட்டது. இவற்றுக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் முனகினான். அவன்தான் நான்.

"மைக்கு சரியில்லை" என்றேன்.

"அதானே, உங்க கொரலா இது?" என்றாள் அவள்.

நல்ல மைக் ஒன்று வாங்கியே தீருவது என்று அந்த சனிக்கிழமையே நாகூருக்கு பஸ் ஏறினேன். அங்கே சிங்கப்பூர்ச் சாமான் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். நாகப்பட்டினத்துக்கு அப்போதெல்லாம் சிங்கப்பூர்க் கப்பல் வந்துகொண்டிருந்தது. சென்ட், குடை, நைலக்ஸ் சேலை, டேப்ரிக்கார்டர் எல்லாம் கடையில் கலந்து கிடக்கும். வீட்டில் பாட்டுப் பதிய வேண்டும் என்றதும் இரண்டு மைக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது டைனமிக்கு, மேடைக்காரங்க வச்சிக்கிறது. கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாது. வாய்க்கிட்ட வச்சிப் பாடணும், அப்பத்தான் எடுக்கும். இது கண்டென்சரு. உள்ள பென்சில் பேட்டரி போடணும். எறும்பு நடந்தாக்கூட எடுத்துடும்."

"எது நல்லது பாய்?"

"கொரலு நல்லதுன்னா கண்டென்சருதான் நல்லது. ஆனா அது ஒண்ணையும் மறைக்காது பாருங்க. இதெல்லாம் சொல்லித் தெரியாது வாத்தியாரே. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, பாடிப் பாருங்க. ஒரு வாரத்துல புடிச்சத வச்சிக்கிட்டு மத்தத அல்லாவுக்குப் பொதுவா பத்திரமாக் கொண்டாந்து குடுத்துடுங்க."

குரல் நல்லதுன்னா என்று அவர் சொன்னபோது சிரித்துக்கொண்டேன். இவருக்கு என்னைத் தெரியாது, அதனால் கேட்கிறார் என்று நினைத்தேன்.

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. உள் அறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து அடைத்தேன். பீரோவின் மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தினேன், சத்தம் மோதித் திரும்பக் கூடாது என்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் ஒரு சிக்கல் புரிந்தது. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு எகிறாமல் பார்த்துக்கொண்டு, மைக்கை முன்னே பின்னே நகர்த்தி அளவு பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதே நேரம் பாடவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டையும் நானே செய்ய முடியாது.

அவளைக் கூப்பிட்டேன். "இந்தா, இங்க நின்னு நான் எடுத்துக்குடுக்கற மாதா பாட்டுல ரெண்டு சரணம் பாடு. நான் மைக்க அளவு பாத்துக்கிறேன்."

"நானா? ஐயையோ, வேணாங்க. உங்க அத்தான் சிரிப்பாரு."

"அவரு ஏன் கேக்கப்போறாரு? நீ பாடறது எதுக்கும் ஆவப்போறதில்ல. அளவுக்குத்தான். அளவு பாத்துட்டு அழிச்சிடுவேன்."

இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன், எழுத்துப் பிசகாமல். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் டைனமிக் மைக்கில் பாடினாள். அளவு பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்து கண்டென்சரை நூலில் கட்டி, கொசுவலை ஆணியிலிருந்து அவள் முகத்துக்கு நேரே தொங்கவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அதே மாதா பாட்டைப் பாடினாள். எல்லாக் கோயில்களிலும் பாடுகிற பாட்டுதான். நானே ஆயிரம் தடவை எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

இயர்போனில் அது வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் மூச்சை இழுப்பது கூடப் பாட்டில் சேர்ந்திருந்தது. மேலே போகும் இடத்தில் நான் வழக்கமாகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவேன். அவள் அங்கே சும்மா போய் நின்றாள், படி ஏறின சுவடே இல்லாமல். இத்தனை வருஷம் இந்தக் குரலோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். மாவாட்டும் சத்தத்துக்கும் குழாய்ச் சத்தத்துக்கும் நடுவே தவிர நான் அதைக் கேட்டதே இல்லை.

"போதுமாங்க?" என்று கேட்டாள்.

"போதும், போதும். இப்ப நான் பாடறேன். நான் கைய அசைச்சதும் இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கு" என்றேன்.

இரண்டு மைக்கிலும் பாடினேன். பிறகு அவள் காப்பி போடப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, இயர்போன் மாட்டிக் கேட்டேன். டைனமிக்கில் என் குரல் கனமாக, மேடைப் பேச்சாளர் மாதிரி, பரவாயில்லாமல் இருந்தது. கண்டென்சரில் கேட்டேன். மூக்கால் பாடிக்கொண்டிருந்தேன். அடிக்கு அடி உதட்டைச் சப்பினேன். மேல் இடத்தில் சுதி இறங்கிக் கீழே எங்கேயோ கிடந்தது. பாய் சொன்னது சரி, ஒன்றையும் மறைக்கவில்லை அந்த மைக். திரும்பவும் ஓட்டிக் கேட்டேன். அவளுடையது, என்னுடையது, மறுபடி அவளுடையது. எந்த வாத்தியாருக்கும் மார்க் போடத் தெரியும்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டிலேயே இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று குதித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்லக் கூச்சப்பட்டு வேறு பேரெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்துவிட்டார். வியர்வையில் நனைந்த பனியனோடு இருந்தேன். சட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் இயர்போனைப் பிடுங்கிவிட்டு டேப்பை ஓட்டியிருந்தார். கண்டென்சரில் அவள் பாடியது அறை முழுக்க நிறைந்திருந்தது. அத்தான் சேரில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு மாப்ளே இது?" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காப்பித் தம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றாள். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டாள். "என்னமாப் பாடுறாங்க! யாருங்க அது?" என்றாள்.

அவள் தன் குரலை அதற்கு முன் வெளியிலிருந்து கேட்டதே கிடையாது. சற்று முன் பாடியபோதும் இயர்போன் என் காதில்தான் இருந்தது. முதல் தடவை டேப்பில் தன் குரலைக் கேட்கிற யாருக்கும் அது வேறு யாரோ மாதிரிதான் இருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது. 'அடி பைத்தியக்காரி, நீதான் அது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தான் அந்தக் குரலைத்தான் எடுத்துப் போவார். அங்கே வீட்டுக்கு வீடு அவள் பாடிக்கொண்டிருப்பாள். இங்கே கோயிலில் எல்லோரும் அவளைத்தான் எடுத்துக்கொடுக்கச் சொல்வார்கள். அதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது.

"ரேடியோல புடிச்சது" என்றேன். "இலங்கை ஸ்டேஷன்ல போன வாரம் போட்டான்."

"நான் இப்பப் பாடுன பாட்டால்ல இருக்கு?" என்றாள் அவள்.

"அதுனாலதான் ஒன்ன அந்தப் பாட்டப் பாடச் சொன்னேன். ஒப்பிட்டுப் பாக்க."

பொய் எவ்வளவு சுருக்கமாக, ஒழுங்காக வந்தது! பாடம் நடத்துகிறபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. அவள் தம்ளரை அத்தானிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "நல்லா ஒப்பிட்டீங்க போங்க. அந்தம்மா எங்க, நான் எங்க? அப்படிப் பாட வரம் வாங்கிட்டு வரணும்."

"அதச் சொல்லு தங்கச்சி" என்றார் அத்தான். "மாப்ளே, அந்தப் பொம்பள கேசட்டு கெடச்சா எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு."

அவர் போன பிறகு அவள் தயங்கித் தயங்கி வந்தாள். "நான் பாடுனது எப்படிங்க இருந்துச்சு? சும்மாதான் கேட்டேன்."

"ஒன் கொரலு மைக்குக்கு ஒத்துவரல. கீச்சுன்னு வருது."

"அதான் நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்த்திருந்த மெத்தையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். நான் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, அதன் மேலேயே என் பாட்டைப் பதிந்தேன். டைனமிக்கில்தான்.

கண்டென்சரைத் திருப்பிக் கொடுக்க நாகூர் போனபோது அதை அவளுடைய பழைய சேலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். கீழவாஞ்சூர் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சாராயப் பாட்டில் தேடினார்கள். எங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போகிற பைகளில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போலீஸ்காரர் என் பையில் கையைவிட்டு, நீளமாகத் தட்டுப்பட்டதும் முகம் மலர்ந்தார். பிரித்தால் மைக்.

"பாடகரா சார் நீங்க? அப்ப ஒண்ணு எடுத்துவிடுங்க, பஸ்ஸு கேக்கட்டும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் நிஜமாகவே பாடியிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. அவர் துணியை மறுபடி பதனமாகச் சுற்றிக் கொடுத்தார்.

பாய் மைக்கை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கண்டென்சரையா திருப்புறீங்க? கொரலு சேரலையா?"

"மைக்கு சரியில்லை" என்று எரிந்து விழுந்தேன்.

பத்துப் பாட்டுப் பாடி முடித்தேன். அத்தான் கொண்டுபோனார். அடுத்த வருஷம் அவரிடமிருந்து பேசி அனுப்பிய கேசட் வந்தது. "ஒன் பாட்டு நல்லாருக்கு மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஒரு தடவை இருமினார். "அந்த ரேடியோப் பொம்பள கேசட்டு கெடச்சுதா?"

அதோடு விட்டேனா? இல்லை. பாட்டுக்குழுவில் அவள் குரல் எனக்கு இப்போது தனியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. முன்பு கேட்காதது, இயர்போன் மாட்டிக் கேட்ட பிறகு எத்தனை பேருக்கு நடுவிலும் கேட்டது. "கொஞ்சம் அடக்கிப் பாடு, கீச்சுன்னு தூக்கலாத் தெரியுது" என்று வீட்டுக்கு வந்து சொல்வேன். அவள் அடக்கினாள். இரண்டாவது வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனாள். வருஷம் போகப் போக வாயை மட்டும் அசைத்தாள். மாவாட்டும்போதும் முணுமுணுப்புதான். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவை" என்பேன். என்ன பொய் என்று சாமியார் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்வார். முழங்காலில் நின்று சொல்லிவிட்டு, கணக்குத் தீர்ந்த மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவேன். வெட்கங்கெட்டவன்!

ஏழெட்டு வருஷம் போயிற்று. ஒரு தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, தனியாகப் பாட வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசுவார் என்று நினைத்தேன். நேரே அவளிடம் போனார்.

"நீங்க பாடுங்கம்மா. முன்னாடியெல்லாம் நீங்க பாடுறது கேட்டிருக்கேன்."

அவள் பதறிவிட்டாள். "ஐயோ சிஸ்டர், எனக்குக் கொரலே கெடையாது. இவரு எப்பவோ மிஷின்ல போட்டே பாத்துட்டாரு. மைக்குக்கு ஒத்துவரலன்னுட்டாரு. கேட்டுப் பாருங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. டாக்டர் சொன்ன சேதியைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் என்னவோ முனகினேன். கன்னியாஸ்திரி வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அத்தான் கேட்டது, ரேடியோ என்றது, மேலேயே பதிந்து அழித்தது, அடக்கிப் பாடு என்றது, எனக்கு வயிறு எரிந்தது. வைவாள், அழுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள், எதற்கும் தயாராக இருந்தேன்.

அவள் சிரித்தாள். "என்னங்க, வெயில்ல போயிட்டு வந்தீங்களா? நான்தான் என் காதால கேட்டேனே. அது ரேடியோப் பொம்பள."

"நீதான்டி அது!"

"சும்மா இருங்க. சிஸ்டர்கிட்ட நான் அப்படிச் சொன்னேன்னு உங்களுக்கு மனசு கஷ்டமாப் போச்சு. அதுக்காக இப்படியா?"

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. காட்டுவதற்கு ஒரு அங்குல டேப் கூட இல்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் நாகூருக்கு ஓடினேன். பாய் கடையில்தான் இருந்தார், தாடி வெளுத்திருந்தது. கண்டென்சர் மைக் ஒன்று கேட்டேன். நல்லதாகவே இருந்தது, பழையதைவிட நல்லது. இந்தத் தடவை பாடிப் பார்த்துத் திருப்புகிற பேச்சில்லை, காசு கொடுத்து வாங்கிவந்தேன். மறுபடி ஜன்னலில் மெத்தை, பீரோவில் ஜமுக்காளம். அவளைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அதே பாட்டு.

"பாடு. பழைய மாதிரி, தொறந்து பாடு."

"சரிங்க" என்றாள். கண்ணை மூடினாள். பாடினாள்.

இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எறும்பு நடந்தால் எடுக்கிற மைக். அது நேர்மையாக எடுத்தது. பக்கத்தில் யாராவது தூங்குகிறார்களோ என்று பயந்து பாடுகிற மாதிரி ஒரு சின்னக் குரல். அடி முடிவதற்குள் தேய்ந்துவிடுகிற குரல். மேலே போகும் இடம் வந்ததும் அவள் கையைத் தூக்கி வாயைப் பாதி மூடிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே. "இன்னும் சத்தமா" என்றேன். "இவ்வளவுதாங்க வருது" என்றாள். மூன்று தடவை எடுத்தோம். மூன்றாவதில் இருமல் வந்துவிட்டது.

இயர்போனைப் பிடுங்கிவிட்டு, அவளும் கேட்கும்படி ஓட்டினேன். தலையைச் சாய்த்துக்கொண்டு பொறுமையாகக் கடைசி வரை கேட்டாள்.

"கேட்டீங்கள்ல? இதுதான் என் கொரலு. அந்தம்மா கொரலப் போயி என்னுதுங்கிறீங்களே, மாதா கேட்டா சிரிக்க மாட்டா?" என்றாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, குனிந்து என் தோளைத் தொட்டாள். "எனக்காக இப்படி ஒரு பொய்யச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணுச்சே. அதுவே எனக்குப் போதுங்க."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.